கூமாப்பட்டி பால்ச்சாமிக்கு ஒரு பொன்னாடை

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. ராஜபாளையம் கடையில் ஈ ஓட்டினோம். மழை நாளில் மருந்தடிக்கும் மிஷின் யார் வாங்குவார்கள்? புல் வெட்டும் மிஷின் விலை கேட்டு ஒருவர் வந்தார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அதுதான் இன்றைய வரவு.

மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "ஏட்டி பரிபூரணம், மார்ச்சோட ஸ்ரீவில்லிபுத்தூர் கடை அக்ரிமென்ட் முடியுது. இனி எழுத வேண்டாம்னு பாக்கேன். அங்க யாவாரமே இல்ல."

இவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நான் பிடிவாதம் பிடித்து ஆரம்பித்த கடை அது. ஜனவரி வந்தால் பத்து வருடம். அதை விடு, பாண்டிசெல்வி? முதல் நாளிலிருந்து அந்தக் கடையை ஒற்றையாளாகப் பார்க்கிறாள். அவளை எங்கே போகச் சொல்வது?

"யாவாரம் இல்லன்னு எத வச்சுச் சொல்லுதிய?"

"பில்ல வச்சுத்தான்."

"ரெண்டு கடை பில்லையும் ஒண்ணா வச்சு என்னைக்காவது பாத்தியளா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டார். சரி, நான் பார்க்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததும் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தேன். 'வியாபாரத்துக்கு டேட்டா வேர்ஹவுஸ் – அடிப்படை.' தமிழிலேயே நடத்துகிறார்கள். வாத்தியார் கௌதம்ராஜுக்கு மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி இருக்கிறது. வகுப்பில் நான்தான் மூத்தவள். கேமராவைப் போடச் சொன்னார், போட்டேன். பின்னால் கொடியில் என் வீட்டுக்காரருடைய பனியன் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்குப் புரிந்தது இது: பில் போடும் கம்ப்யூட்டர் விற்பதற்கு. தரவுக் கிடங்கு, அதாவது இந்த டேட்டா வேர்ஹவுஸ், கேள்வி கேட்பதற்கு. 'போன வருஷம் கூமாப்பட்டிக்காரர்கள் என்ன வாங்கினார்கள்' என்று பில் மிஷினிடம் கேட்டால் அது முழிக்கும். எல்லாக் கடைக் கணக்கையும் நகலெடுத்து, ஒரே மாதிரி ஆக்கி, ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் பதில் சொல்லும். அட, இவ்வளவுதானா!

நவம்பர் 16, ஞாயிறு

காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து பார்த்தேன். நடுவில் ஒரு கட்டம்: நடந்தது மட்டும், ஒரு வரிக்கு ஒரு விற்பனை. அதைச் சுற்றி நான்கு கட்டம்: யார், எது, எங்கே, எப்போது. ஒவ்வொன்றையும் நடுவோடு கோடு போட்டு இணைத்தேன்.

இவர் எட்டிப் பார்த்தார். "என்னது, நட்சத்திரமா? கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்கே."

வகுப்பிலும் இதற்கு நட்சத்திரம் என்றுதான் பெயர். சொன்னேன். நம்பவில்லை.

நவம்பர் 27, வியாழன்

கணக்கைச் சுத்தம் செய்யும் படலம். ராஜபாளையத்தில் 'ஸ்பிரேயர் 20 லிட்டர்' என்று இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் எக்செல்லில் 'பெரிய மருந்து மிஷின்'. இன்னொரு வரியில் வெறும் 'நீலக் கலர்'. பாண்டிசெல்விக்கு போன் போட்டேன்.

"நீலக் கலருன்னு போட்டிருக்கியே, அது என்னட்டி?"

"நீலக் கலர்ல வருமேக்கா, அதுதான்."

இதற்கு மேல் என்ன கேட்பது? சிரித்துவிட்டேன். உளுந்தில் கல் பொறுக்குகிற மாதிரி வரி வரியாகப் பொறுக்குகிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

கண் எரிகிறது. விடுவதாக இல்லை.

டிசம்பர் 6, சனி

கிடங்கு முதல் பதிலைச் சொன்னது. சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம் – அந்தப் பக்கத்து ஆட்கள் நிறைய வாங்குகிறார்கள். எல்லாம் ராஜபாளையம் கடையில். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டாமல் அவர்கள் ராஜபாளையம் வர முடியாது. என் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறார்கள்!

இவர் திரையைப் பார்த்தார். "நான் சொன்னேம்லா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என் கடையில அப்பிடி என்ன கொறச்சல்? எனக்கு நானே குழி வெட்டிக்கிட்டேனோ?

டிசம்பர் 14, ஞாயிறு

ஒரே ஆள் நாலு போன் நம்பர் கொடுத்தால் கணக்கில் நாலு ஆளாக நிற்பார். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். இதுதான் இன்றைய பாடம். பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று வைத்து, மளமளவென்று சேர்த்தேன்.

வந்தாரய்யா எங்கள் மகாராஜா! பால்ச்சாமி, கூமாப்பட்டி. ஐந்து போன் நம்பர். ஒரே வருடத்தில் ஐந்து மருந்து மிஷின், இரண்டு புல் வெட்டும் மிஷின். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"முதுகுல மாட்டுத மிஷின் அஞ்சா? ஏட்டி, மனுசனுக்கு எத்தன முதுகு இருக்கு?" என்றார் இவர்.

"பெரிய தோப்பா இருக்கும். ஆள் வச்சு அடிப்பாவ. நீங்க சும்மா இருங்க."

கடையின் பத்தாம் ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். மனுஷனை நேருக்கு நேர் நிறுத்தி, ஏனய்யா என் கடையைத் தாண்டிப் போகிறீர் என்று கேட்டுவிட வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

எதில் பார்ப்பாரோ என்று ஐந்து நம்பருக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினேன். ஒன்றிலிருந்து 'ரொம்ப சந்தோசம், வாரேன்' என்று வந்தது. செத்த நேரம் கழித்து இன்னொன்றிலிருந்தும் 'வாரேன்'. மூன்றாவதிலிருந்து ஒரு கும்பிடு. பாவம், ஒவ்வொரு போனிலும் பொறுப்பாகப் பதில் போடுகிறார். தங்கமான மனுஷன்.

ஜனவரி 24, சனி

ஸ்ரீவில்லிபுத்தூர் கடை விழா முடிந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது? இப்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

பத்தரைக்கு வத்திராயிருப்பு பஸ்ஸிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். ஐந்தும் வெள்ளை வேட்டி. ஆட்களோடு வருகிறார் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். "இதுல பால்ச்சாமி அண்ணாச்சி யாரு?"

"நான்தான்" என்றார்கள் ஐந்து பேரும்.

அவர்களில் மூத்தவர், பட்டாளத்தில் இருந்து வந்தவராம், விளக்கினார். "எங்க குலசாமி பேரும்மா. எங்க வகையறாவுல வீட்டுக்கு ஒரு பால்ச்சாமி உண்டு. நீங்க அஞ்சு பேரையும் கூப்பிட்டதப் பாத்து ஊரே ஆச்சரியப்பட்டுப் போச்சு."

பாண்டிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இவர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். என் கையில் ஒரே ஒரு பொன்னாடை. மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வேன்! பட்டாளத்துப் பால்ச்சாமிதான் காப்பாற்றினார். "ஒண்ணு போதும்மா" என்று தம்பிமார்களை நெருக்கி நிறுத்தி, ஐந்து தோளுக்கும் அதை இழுத்துப் போர்த்தச் சொன்னார். போட்டோ எடுத்தோம். பாண்டிசெல்வி வந்து பால்கோவா கொடுத்தாள்.

வெட்கத்தோடு வெட்கமாக, கேட்க நினைத்ததையும் கேட்டேன். "இங்க ஒரு கடை இருக்கையில, தாண்டிப் போய் ராஜபாளையத்துல ஏன் வாங்குதிய?"

"எங்கம்மா தாண்டுதோம்?" என்றார் பட்டாளத்துப் பால்ச்சாமி. "மொதல்ல இந்தப் பிள்ளகிட்டதான வருவோம். மிஷின முதுகுல மாட்டி ஓட்டிக் காட்டும், எது நம்ம தோப்புக்குத் தாங்கும்னு சொல்லும். எடம் சின்னதுல்லா, கேட்ட சரக்கு இங்க பாதி நாள் இருக்காது. ராஜபாளையத்துல போய் எடுத்துக்கிடுங்கன்னு அனுப்பும். அங்க அண்ணாச்சி பில்லப் போட்டுக் குடுப்பாவ. அம்புட்டுத்தான்."

பில் போடும் அண்ணாச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. பாண்டிசெல்வி பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத ஒருநாளும் சொல்லலியே நீ?"

"நீங்க கேக்கலியே அண்ணாச்சி. ரெண்டும் நம்ம கடைதான?"

ஜனவரி 25, ஞாயிறு

வகுப்பில் சொன்னேன். கௌதம்ராஜ் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்; தோள் குலுங்கியது தெரிந்தது. பெயரை நம்பாமல், விசாரித்து, ஆளுக்கு ஒரு எண் நாமே கொடுக்க வேண்டுமாம். நல்லவேளை, மூலக் கணக்கு அப்படியே இருந்தது, பிரித்துவிட்டேன். பால்ச்சாமி ஒன்று முதல் ஐந்து வரை.

'எங்கே' என்ற கட்டத்தையும் இரண்டாக்கிவிட்டேன். எங்கே பார்த்தார். எங்கே எடுத்தார். இத்தனை நாளும் எடுத்த இடத்தை மட்டுமே எழுதிவிட்டு, அதையே முழு வியாபாரம் என்று நினைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 19, வியாழன்

மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே இவர் குரல்: "மிஷின மொதல்ல எங்க பாத்திய?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல. அந்தப் பிள்ளகிட்ட."

நான் சொல்லாமலே கேட்கிறார்! ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுகிறார். அடுத்தவரிடமும் கேட்டார். அதே பதில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காய்கறிப் பையோடு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

அக்ரிமென்ட் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் முறுக்கிக்கொள்வார்.

மார்ச் 28, சனி

காலையில் வாசலில் குட்டியானை வண்டி நின்றது. மருந்து மிஷின்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போகுது இம்புட்டும்?"

"பாண்டிசெல்விக்கு" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். "பக்கத்துக் கடையையும் சேத்து அக்ரிமென்ட் எழுதியாச்சு. சரக்கு வைக்க எடம் வேணும்லா?"

நடுத்தெருவில் கட்டிப் பிடிக்கவா முடியும்? காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக.

சாயங்காலம் பாண்டிசெல்வி போன் போட்டாள். "அக்கா, கூமாப்பட்டி பால்ச்சாமி அண்ணாச்சி வந்திருக்காவ."

"எத்தனாம் நம்பர்?"

"நாலு. புல் வெட்டுத மிஷின் எடுத்துட்டாவ."

நானே உட்கார்ந்து அந்த வரியைப் பார்த்தேன். எங்கே பார்த்தார்: ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கே எடுத்தார்: ஸ்ரீவில்லிபுத்தூர்.