நோவைத் தாங்காத மச்சாளுக்கு

நேற்று டோர்வலில் வேலை முடித்து வந்து, மெட்ரோ வாசலில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த மணம் வந்தது. சுவரோடு சாய்ந்து ஒருவன் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நம்முடைய ஆட்களில் ஒரு பெண்மணி. கோயிலில் கண்ட முகம். சால்வையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "சனியன் பிடிச்ச மணம்" என்று முணுமுணுத்துவிட்டு, நானும் முகம் சுளிப்பேன் என்று என்னைப் பார்த்தார். நான் சுளிக்கவில்லை. நெஞ்சு நிறைய இழுத்து மூச்சு விட்டேன். அவர் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றார். நிற்கட்டும். எனக்கு அது உன் வீட்டு மணம், மச்சாள்.

நீ போய் இன்றைக்கு இருபத்து நான்கு நாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். அட்டையில் வேலும் மயிலும், நடுவில் நீ. அந்தப் பச்சைச் சேலைப் படம்தான். உன் வாழ்க்கை வரலாற்றை உன் அண்ணன், அதுதான் என் வீட்டுக்காரர், கோயில் சபை ஆட்களோடு இருந்து எழுதினார். எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் தந்தார். பிழை ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வசனத்தைத் தவிர. 'கொடிய நோயின் வேதனையை இறைநம்பிக்கையால் புன்னகையோடு தாங்கினார்.'

எப்போதடி நீ புன்னகையோடு தாங்கினாய்? தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தது யார்? வைத்தியர் "கொஞ்சம் பொறுமையாக இருங்கள்" என்று சொன்னபோது, "என்ர காலை நீங்கள் ஒரு நாள் வைச்சுப் பாருங்கோ, பேந்து பொறுமையைப் பற்றிக் கதைப்பம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னை முழுசிப் பார்த்தது யார்? நான் பாதியை விழுங்கித்தான் மொழிபெயர்த்தேன். அது உனக்குத் தெரிந்து, பஸ்ஸில் வரும்போது முழுவழியும் ஏசினாய்.

நாம் ஒரே வகுப்பு. "என்ர அண்ணையைக் கட்டினியெண்டால் நாங்கள் பிரியத் தேவையில்லை" என்று என்னைக் கலியாணத்துக்கு இழுத்துவிட்டவளும் நீதான். உன் அண்ணனைப் பற்றி வேறு எந்தச் சிறப்பையும் அப்போது நீ சொல்லவில்லை. இங்கே வந்த பிறகு சென்ட் லோரன்ட்டில் மருந்துக் கொம்பனியில் பதினெட்டு வருஷம் மாத்திரை அடைத்தாய். தலைக்கு வலை, கைக்கு உறை, எட்டு மணிநேரம் நின்ற நிலை. பிறகு புற்றுநோய் வந்தது. வைத்தியம் கட்டியைச் சுருக்கியது, ஆனால் உள்ளங்கால் நரம்புகளை எரித்துவிட்டுப் போனது. தணலில் நிற்பதுபோல் இருக்கிறது என்று சொல்வாய். அவர்கள் தந்த குளிசைகளைப் போட்டால் நாள் முழுக்க நித்திரை, போடாவிட்டால் நாள் முழுக்க நெருப்பு. சாப்பாடும் இறங்கவில்லை. தோடு காதில் தொங்க முகம் சுருங்கிப் போனாய்.

கடைசியில் நோவுக்கென்றே இருக்கிற ஒரு கிளினிக்கில், இளம் பெண் வைத்தியர் ஒருவர் கஞ்சாவுக்குக் கடிதம் எழுதித் தந்தார். இந்த மாகாணத்தில் வீட்டில் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது என்றுதான் சட்டம். ஆனால் வைத்தியரின் கடிதமும் ஒட்டாவா மத்திய அரசின் பதிவும் இருந்தால், மருந்துக்கென்று வளர்க்கலாம். நீ இரண்டையும் எடுத்தாய். எடுத்து என்ன செய்தாய்? குளிர்ப்பெட்டிக் கதவில், கோயில் கலண்டருக்குப் பக்கத்தில், வருகிற எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவைத்தாய். அலுமாரிக்குள் வைத்தால் என்ன என்று கேட்டேன். "பதினெட்டு வருஷம் மற்றவையின்ர நோவுக்கு மாத்திரை அடைச்சனான். இப்ப என்ர நோவுக்கு நானே ஒண்டை வளர்த்தால், அதை ஒளிச்சு வைக்கோணுமோ?" என்று கேட்டாய்.

எல்லாச் செடியும் உனக்குக் கேட்கவில்லை. ஒன்று தலையைச் சுற்றவைத்தது, இன்னொன்று நெஞ்சு படபடக்கவைத்தது. ஒரேயொரு வகைதான் காலின் நெருப்பை அணைத்து, வயிற்றில் பசியையும் கொண்டுவந்தது. அந்த விதையை விற்றவர்களோ இனி அது வராது என்று எழுதிவிட்டார்கள். கையில் இருந்தது கடைசிப் பொதியில் ஐந்து விதை. மூன்று முளைத்தன. அதில் ஒன்று ஆண், இரண்டு பெண். ஆண் செடியால் மருந்துக்குப் பயன் இல்லை, பிடுங்கி எறிவார்கள் என்று நான் எங்கோ வாசித்துவிட்டு வந்து சொன்னேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "பனையில ஆணும் பெண்ணும் பார்த்து வளர்ந்தவள்தானேடி நீ? ஆண் பனை நுங்கு தராதெண்டு எல்லாத்தையும் தறிச்சுப்போட்டால் பேந்து நுங்கு எங்கயிருந்து வரும்?" அன்றைக்கே விதை எடுப்பதென்று முடிவு கட்டிவிட்டாய்.

மகரந்தம் பறந்து பெண் செடிகளில் படாதபடி ஆண் செடியைக் குளியலறைக்கு மாற்றினாய். அது பூத்துக் கொட்டிய சில நாள்களும் நீ என் வீட்டில் வந்து குளித்தாய். உன் அண்ணனிடம் குழாய் பழுது என்றேன். பூவிலிருந்து விழுந்த மகரந்தத்தை ஒற்றைத் தாளில் சேர்த்தாய். மெல்லிய மஞ்சள் தூள். மா அரிப்பதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு சேர்த்தாய். அறை அலுமாரிக்குள் விளக்குப் பூட்டி வைத்திருந்த பெண் செடி ஒன்றில், கீழ்க்கிளை ஒன்றுக்கு மட்டும் அதைத் தடவவேண்டும். மற்றப் பூக்கள் மருந்துக்கு. அடையாளத்துக்கு அந்தக் கிளையில் சிவப்பு நூல் கட்டினாய். கண்மை தீட்டுகிற சின்னத் தூரிகை ஒன்று என்னிடம் கேட்டு வாங்கினாய். பூ இன்னும் இரண்டு நாளில் பதமாகும், அதுவரை தூளில் ஈரம் படக்கூடாது, பட்டால் செத்துவிடும் என்றாய். சமையல் ஆவி எட்டாத இடம், யாரும் கை வைக்காத இடம் எது என்று வீடு முழுக்கப் பார்த்துவிட்டு, சாமித்தட்டில், திருநீற்றுக்குப் பக்கத்தில், வெறுமையாகக் கிடந்த சந்தனப் பேணிக்குள் வைத்தாய். எவ்வளவு கெட்டிக்காரி நீ. உன் அண்ணனை மட்டும் மறந்துவிட்டாய்.

குளிர்ப்பெட்டிக் கடிதத்தை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. அடுத்த நாள் அவர் ஜான்-டலோன் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாரோ விடுப்பாக வாயைக் கிண்டிக் கேட்டிருக்கிறார்கள், "உங்கட தங்கச்சி வீட்டில கஞ்சாத் தோட்டமாமே?" என்று. வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே உனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கோபத்தில் வந்தாலும், யார் வீட்டுக்குப் போனாலும், முதலில் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தானே அவர் கதைப்பார். கும்பிட்டார். திருநீறு பூசினார். பிறகு சந்தனப் பேணியை எடுத்தார். நான் வாய் திறக்கப் போனேன். நீ கண்ணாலேயே மறித்தாய். பேணியைச் சரித்து இடது உள்ளங்கையில் தாராளமாகக் கொட்டினார். ஒரு பங்கு கம்பளிச் சட்டையின் கையில் சிந்தியது. செம்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து, குழைத்து, நெற்றியில் பொட்டு வைத்தார். போதவில்லை என்று ஈரவிரலைத் திரும்பவும் பேணிக்குள் விட்டார். அப்போது நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

பிறகு அலுமாரியைத் திறந்து, நூல் கட்டிய அந்தச் செடியின் நடுக்கிளையைப் பிடித்து உலுப்பி, குடும்பமானத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். எங்கள் பரம்பரையில் சுருட்டுக்கூடப் பிடிக்காதவர்கள் என்றார். பொய், உன் சித்தப்பா பிடிப்பார். நெற்றி நிறையக் கஞ்சாப் பொட்டோடு அவர் கஞ்சாவைத் திட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்பு எரிகிறது என்று குசினிக்குள் ஓடிவிட்டேன். நீ மட்டும் பணிவாகக் கேட்டாய், "சந்தனம் நல்ல வாசமோ அண்ணை?" என்று. பழைய சந்தனம், வாசமே இல்லை, புதிது வாங்கு என்றார்.

அவர் போன பிறகுதான் நீ அழுதாய். எத்தனையோ ஊசிக்கு அழாதவள். ஆண் செடி பூத்து ஓய்ந்துவிட்டது. வேறு மகரந்தம் இல்லை. பேணியின் அடியில் ஒட்டியிருந்த ஈரத்தூளைத் தூரிகையால் வழித்து, சிவப்பு நூல் கட்டிய கிளையில் தடவினாய். நான் கிளையைப் பிடித்துக்கொண்டேன். வெந்த வீட்டில் பிடுங்கினது லாபம் என்றேன். அந்த நிலையிலும் எனக்கு ஒரு அடி விழுந்தது.

சில கிழமைகள் கழித்து நூல் கட்டிய கிளையைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. நீ கட்டிலில் போய் இருந்தாய். நான் சும்மா மற்றக் கிளைகளை விரித்துப் பார்த்தேன். நடுக்கிளையில், உன் அண்ணன் பிடித்து உலுப்பிய அதே இடத்தில், பூவுக்குள் பூவாக விதை. கபில நிறம், மேலே புலியின் வரி. அவருடைய சட்டைக் கையில் ஈரம் படாமல் சிந்திக் கிடந்த தூள் அதைச் செய்திருந்தது. நீ சிரித்த சிரிப்பு கீழ்வீட்டுக்குக் கேட்டு, அந்த மனிசி கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டைத் தட்டினாள்.

அந்த விதைகளிலிருந்து வந்த செடிதான் உனக்கு ஒன்றரை வருஷம் தந்தது. கஞ்சா உன் புற்றுநோயை மாற்றவில்லை. மாற்றும் என்று நீயும் சொன்னதில்லை, சொன்னவர்களோடு சண்டைதான் பிடித்தாய். ஆனால் நீ நித்திரை கொண்டாய். சப்பாத்துப் போட்டாய். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் இருந்து, இரண்டு குழல் புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கோ என்று கேட்டாய். உன் அண்ணன் எழுந்து தன் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த புட்டை உன் கோப்பையில் போட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அழுதிருக்கிறார். நாங்கள் இருவரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

அதையெல்லாம் கண்ணால் பார்த்த மனிதர் எழுதுகிறார், இறைநம்பிக்கையால் தாங்கினாராம்.

அந்த வசனத்தை அடித்துவிட்டு நான் எழுதினேன்: 'வேதனையைத் தாங்க அவர் மறுத்தார். வைத்தியரின் கடிதத்தோடும் அரச பதிவோடும் தன் வீட்டிலேயே கஞ்சா வளர்த்து, தன் கையால் விதையும் எடுத்து, நடந்தார், உண்டார், உறங்கினார்.' இவர் வாசித்துவிட்டுப் பேனையை மூடினார். மூலிகை என்று போடலாம் என்றார். இயற்கை வைத்தியம் என்று போடலாம் என்றார். உன் பெயர் கெடுமாம்.

அவரிடம் நான் கோயில் கதையைச் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை செருப்புக் கழற்றுகிற இடத்தில் ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்தாள். தலையில் தொப்பி, அதன் கீழே முடி இல்லை. நடக்கும்போது கால் நிலத்தில் படப் பயப்படுகிற அந்த நடையை எனக்குத் தெரியும். "உங்கட மச்சாள் கடைசியில நல்லாச் சாப்பிட்டவவாம். என்ன குடுத்தனீங்கள்?" என்று காதுக்குள் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுடைய மாமியார் வந்துவிட, கையை எடுத்துக்கொண்டு பிரசாதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அந்தப் பிள்ளை நினைவு மலரை வாங்கி வாசிப்பாள், வாசித்துவிட்டுத் தனக்குப் பக்தி போதவில்லை என்று நினைப்பாள், அதுதானா உங்களுக்கு வேண்டும் என்று கேட்டேன்.

சனம் என்ன சொல்லும் என்று மட்டும் இவர் கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். என் வசனம் போகாவிட்டால், குடும்பத்தார் பட்டியலில் என் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். உன் மச்சாளான என் பெயர் இல்லாமல் ஒரு நினைவு மலர் வந்தால், சனம் அதைப் பற்றி எத்தனை வருஷம் பேசும் என்று கணக்குப் பார்க்கச் சொன்னேன். பிறகு, நீ சாகும்வரை சொல்லாததையும் சொன்னேன்.

"அண்டைக்கு நீங்கள் நெத்தியில வைச்சது சந்தனம் இல்லை. அவளுக்கு விதை வந்தது உங்கட கையாலதான்."

சந்தனப் பேணி, ஈரவிரல், சட்டைக் கை, நடுக்கிளை எல்லாம் சொன்னேன். உன்னை மன்னிப்புக் கேட்கவைக்கப் போவதுபோல் எழுந்தார். நீ இல்லை என்பது நினைவு வந்ததோ என்னவோ, திரும்ப இருந்தார். "அப்ப அவள் அண்டைக்குப் புட்டுச் சாப்பிட்டது..." என்று தொடங்கினார். ஓம் என்றேன். தாளைத் தன் பக்கம் இழுத்து, என் வசனத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சகத்துக்கு அனுப்பினார். அன்றிலிருந்து மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும், எனக்குக் காது ஓய்வு.

உன் பதிவு உன்னோடு முடிந்தது, அதனால் நின்ற செடிகளை நானே வெட்டி அழித்தேன். விதைகளை எறியவில்லை. எறி என்றார்கள். மாட்டேன். நடவும் மாட்டேன், எனக்குக் கடிதம் இல்லை. மருந்துப் போத்தல் ஒன்றில், மேலே உன் கையெழுத்து ஒட்டியபடி, என் அலுமாரியில் இருக்கின்றன.

நேற்று வீட்டுக்கு வந்ததும் தொப்பி போட்ட அந்தப் பெண்ணின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தேன். கிளினிக்கின் பெயரைச் சொன்னேன். தனக்குப் பிரெஞ்சு வராது என்றாள். தன் வீட்டில் இதைச் சொல்ல முடியாது, சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாது என்றாள். இடையில் அழுதாள். வியாழக்கிழமை நானும் கூட வருகிறேன் என்றேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். விதை பிறகு, முதலில் அவளுக்குக் கடிதம் வேண்டும்.

வரவேற்பு மேசைக்காரி பொன்ஜூர் சொல்லிவிட்டு, எதற்காக வந்தீர்கள் என்று கேட்பாள். இவள் தலை குனிவாள். வரிசையில் பின்னால் நம்முடைய ஆட்களும் நிற்கலாம். உன்னுடைய நோவைப் பாதி விழுங்கி மொழிபெயர்த்தவள் நான், மச்சாள். வியாழக்கிழமை முழுவதையும் சொல்லுவேன், பின்வரிசைக்கும் கேட்க.