பென்சிலில் மட்டும் எழுதவும்

அன்புள்ள வாலுவுக்கு,

படித்து முடித்த ஒரு கதையைப் படிக்காததாக ஆக்கிக்கொள்ள முடியுமா? ஐந்து நாளாக நூலக மேசையில் உட்கார்ந்து இதையேதான் யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. முடியும் என்று நம்புகிறவர்களுக்கு ரப்பர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முழங்காலைத் தவிர. நீ அனுப்பிய பட்டையை ஒரு நாள் கட்டிப் பார்த்துவிட்டு, இறுக்குகிறது என்று அலமாரிப் பிடியில் மாட்டி வைத்திருக்கிறாள். துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி இன்றோடு பதினேழு நாள். தெருமுனைக் குப்பை தையல்கடையின் முதல் படிவரை ஏறிவிட்டது. ஜன்னல் எதையும் திறப்பதில்லை. நீ எழுதியதைப் படித்த அன்று மட்டும் வீம்புக்குத் திறந்து வைத்தேன். பத்து நிமிடத்தில் அம்மா சாத்தச் சொல்லிவிட்டாள்.

போன வாரம் உன் ஃபேஸ்புக் பக்கத்தில் நீ போட்ட நாலு வரியைத்தான் சொல்கிறேன். குப்பை அள்ளுகிறவர்களின் கூலியைப் பற்றி மூன்று வரி. கடைசியில், "இந்த ஆட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் தயவுசெய்து இன்று ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குங்கள். அது உங்கள் நாற்றம்தான்" என்று ஒரு வரி. எங்கோ உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டாய் என்று இங்கே பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூலி பற்றி நீ சொன்னது அத்தனையும் சரி. கடைசி வரி மட்டும் உன் கைப்பிரதியில் வந்திருந்தால் சிவப்புக் கோடு போட்டு அனுப்பியிருப்பேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் பின்னட்டையில் ஒட்டிய சீட்டில் ஒரு வரி கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பென்சிலில் மட்டும் எழுதவும் என்று பலகை மாட்டியவள் நான். மை தாளில் ஊறிவிடும் என்ற பயம். ஆஸ்பத்திரி வார்டு கழுவுகிறவளைப் பற்றிய உன் நாவலுக்கு நாலு வருடத்தில் அறுபத்தொரு வரி சேர்ந்திருந்தது. இரண்டாவது சீட்டு ஒட்ட வேண்டி வந்த ஒரே நாவல் அதுதான்.

முதலில் வந்தவர் பள்ளிக்கூட டீச்சர். "மேடம், ஒரு ரப்பர் இருக்குமா?" என்று கேட்டார். பிள்ளைகளின் நோட்டுக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் உன் புத்தகத்தை எடுத்து வந்து பின்னட்டையைத் திறந்தார். வார்டு கழுவுகிறவள் செத்த பிறகு மூன்று நாள் தனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தவர் அவர்தான். "நான் ஓட்டுப் போட்டவ மேடம். என்னைப் பார்த்து நாத்தம் பிடிச்சவன்னு சொல்லிட்டாங்க உங்க தங்கச்சி. அந்தப் புக்ல என் பேரு எதுக்கு?" என்றார். நீங்கள் அழுததும் அதே வேலை செய்கிற ஒருத்திக்காகத்தானே என்று கேட்டேன். "அது கதை மேடம். இது என் வீட்டு வாசல்." அழித்து முடித்து, மேசையில் விழுந்த தூளைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார். கண் கலங்கியிருந்தது. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் பரவிவிட்டது. மறுநாள் தையல்காரி வந்து, "எல்லாரும் அழிக்கிறாங்களாமே, என்னோடது எதுன்னு காட்டுங்கக்கா" என்றாள். காட்டினேன். படித்துப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாத்தானே எழுதியிருக்கேன்!" நீ என்ன எழுதினாய் என்றே அவளுக்குத் தெரியாது. பிறகு எதற்கு அழிக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். "எல்லாரோடதும் போயி என்னோடது மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்?"

உனக்கு ஆதரவும் இருக்கிறது, சந்தோஷப்படு. "அந்த நாலு வரி போட்டவங்க புக் எது?" என்று கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து எடுத்துப் போனார்கள். மறுநாளே திரும்பி வந்தது. நான் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்திருந்த நாடா பன்னிரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. சீட்டில் "துணிச்சல்!" என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டீச்சராவது படித்துவிட்டுத்தான் அழித்தார்.

இன்று மாலைவரை முப்பத்தெட்டு வரி போய்விட்டது. அம்மாவிடம் சொன்னேன். "அவ எழுதுனது தப்பில்ல, எழுதுன நேரந்தான் தப்பு" என்றாள். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரியான நேரம்னு ஒண்ணு வந்தா நீ அவளுக்கு எழுதிப் போடு" என்றாள்.

இனி, எழுத உட்கார்ந்த விஷயம். மத்தியானம் வாசகர் சங்கத் தலைவர் வந்தார். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், நூலகக் கமிட்டியிலும் இருக்கிறார். நீ வந்திருந்தபோது உன் பக்கத்தில் நின்று, கண்ணாடி மினுங்குகிறது என்று இரண்டாம் முறை படம் எடுக்கச் சொன்னாரே, அவர்தான். சீட்டை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு விரலை முதல் வரிக்குக் கொண்டுபோனார். அது என்னுடையது.

"மத்தவங்க அழிக்கிறதும் வைக்கிறதும் அவங்க இஷ்டம் மேடம். நீங்க இங்க வேலை பார்க்கிறவங்க. முதல் வரியே உங்க கையெழுத்து, அதுவும் சொந்தத் தங்கச்சிக்கு. கமிட்டியில கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். நாலு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது என்றேன். "நாலு வருஷமா அவங்க வாயைத் திறக்கலையே" என்றார். கிளம்பும்போது, "அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் வேற புதுப்பிக்கணும். நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன்" என்றார்.

அந்த வரி உனக்குத் தெரியாது. ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பாய். நான் அச்சுப்பிழைப் பட்டியல் அனுப்புவேன். "உன்கிட்ட ஒரு நல்ல வார்த்தை வாங்க நான் செத்துத்தான் போகணும்" என்று ஒரு முறை சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். சீட்டில் நான் எழுதியது இது: "என் தங்கை எழுதியது என்பது நாற்பதாம் பக்கத்தில் எனக்கு மறந்துபோனது."

நீ என்றைக்காவது பின்னட்டையைத் திறப்பாய் என்று இருந்துவிட்டேன். நீ வந்தாய், படத்துக்கு நின்றாய், போய்விட்டாய். இதோ பார் என்று காட்ட எனக்கு வாய் வரவில்லை. இப்போது இந்த ஊரில் யாருக்கும் நீ எழுதியது என்பது ஒரு பக்கம்கூட மறக்காது.

நான் அழிக்கப் போவதில்லை என்று உனக்கு எழுதத்தான் தாளை எடுத்தேன். மூன்று பக்கம் ஆகிவிட்டது, அதை இன்னும் எழுதவில்லை. ஒப்பந்தம் போனால் இந்த வயதில் என்னை எந்த நூலகத்தில் உட்கார வைப்பார்கள்? வாடகை கொடுக்க முடியாமல் இந்தத் தெருவை விட்டுப் போனால், அம்மாவின் முழங்காலுக்கு நடக்கிற தூரத்தில் எந்த மருத்துவர் இருப்பார்? இதெல்லாம் காரணமா, சாக்கா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நாலு வரியை நீ எடுத்துவிடாதே. கடைசி வரியையும்தான். யார் கேட்டாலும் எடுக்காதே, நாளைக்கு நானே போன் செய்து கேட்டாலும். நேரத்துக்குச் சாப்பிடு. கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எழுத எனக்கு வராது, உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அக்கா

மறுநாள்.

காலையில் இதைத் தபாலில் போடவில்லை. ஒன்பதே காலுக்கு நூலகத்தைத் திறந்தேன். ஒன்பதரைக்கு முதல் வரியை அழித்தேன். பத்து மணிக்குத் தலைவர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பன்னிரண்டுக்கு நானே போன் செய்தேன். பேரனைப் பள்ளியில் சேர்க்க வரிசையில் நிற்கிறாராம். "எந்தச் சீட்டு மேடம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, அதுவா? இருந்துட்டுப் போகட்டும், விடுங்க. அதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க?" என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பென்சில் மேசைமேல்தான் கிடந்தது. சாயங்காலம் பூட்டும்வரை நான் திரும்ப எழுதவில்லை.