வாசலுக்கு முதுகு

சிங்கப்பூர்

அன்புள்ள பானு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

என் அறைத்தோழர் லின் சீன வாள்சண்டை நாவல்களில் ஊறியவர். அவற்றில், யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய சத்திரத்தில்தான் சண்டை தொடங்குமாம். எல்லோரும் வாசலைப் பார்த்தே உட்காருவார்களாம். வாசலுக்கு முதுகு காட்டுபவர் மட்டும் பெரிய ஆசானாம். காலடிச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடிப்பாராம்.

மெஸ்ஸில் நான் அப்படி உட்காருவதைப் பார்த்து, சில நாட்களாக எனக்கு மரியாதையாக டீ ஊற்றிக்கொண்டிருந்தார். ஆரணியில் தறியில் உட்கார்ந்தால் வாசல் பின்னால் இருக்கும், அந்தப் பழக்கம் என்றேன். "வருவது யாரென்று எப்படித் தெரியும்?" என்று விடாமல் கேட்டார். "ஜல்தி குடிங்க, ஆறிக்கினு இருக்குது" என்று நீ டீயை நீட்டுவதற்கு முன்பே உன் கொலுசு சொல்லிவிடும் என்றேன்.

அடுத்த முறை போன் செய்யும்போது, சமையலறையிலிருந்து தறிவரை பேசாமல் நடந்து வா. ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

வீரபாகு