முன்கூட்டிப் போட்ட கையெழுத்து

புனே, 9.5.1997

சுபத்ராவுக்கு,

கிடங்கை விரிவாக்கும் திட்டத்தை எழுத நேரம் வேண்டுமென்று, ரசாயனப் பீப்பாய்களின் வெப்பநிலையைத் தினமும் குறிக்கும் வேலையை உதவியாளர் கதமிடம் விட்டிருந்தேன். மாதத்தின் முதல் நாளே பதிவேட்டின் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

திட்டத்தைப் பாராட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் இன்று பதிவேட்டைப் புரட்டினேன். இந்த மே வெயிலிலும் தினமும் இருபத்தாறு டிகிரி. நாளைய பக்கத்திலும் இருபத்தாறு.

கேட்டதற்கு, "தெர்மாமீட்டர் ஹோலிக்கே ஒடஞ்சு போச்சு சாப். நீங்க பெரிய வேலையில இருந்தீங்க, அதான் சொல்லல" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். பீப்பாய்கள் சூட்டில் வெடிக்கும் அளவுக்கு உப்பியிருக்கின்றன. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டேன்.

நீயும் குழந்தையும் இப்போது வர வேண்டாம். கிடங்கை ஒட்டிய குவார்ட்டர்ஸில் வெயில் அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

இதைத் தபாலில் சேர்க்கக் கதமை அனுப்புகிறேன். உள்ளே போய்ப் பீப்பாய்களைக் குளிர்விக்கும் வேலையை இனி யாரிடமும் விட முடியாது.

உன்னவன்