மேசையில் வழிந்த தண்ணீர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், இதையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. இவ்வளவு படித்தவன் எங்கோ கிடங்கில் பெட்டி தூக்குகிறானே என்று தினமும் எனக்குத்தான் அர்ச்சனை.

இப்போது நல்ல சேதி. நீ பளபளா என்று பெயர் வைத்த மேனேஜர் வசமாக மாட்டிக்கொண்டான்.

உன் பழைய கம்பெனியிலேயே நான் வேலைக்குச் சேர்ந்ததும் என்னோடு பேச்சை நிறுத்தினாய். சம்பளத்துக்காகப் போனேன் என்று நினைத்தாயா? அவன் தலைக்கு மேலே உட்காரத்தான் போனேன். சாலிடர் வைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். சிப்பின் கையேட்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். போர்டு செய்கிறவர்களும் புரோகிராம் எழுதுகிறவர்களும் மாற்றி மாற்றிப் பழி போடும் கூட்டங்களில் இரண்டு பக்கத்துக்கும் புரிகிற மாதிரி பேசப் பழகினேன். இன்றைக்கு, கருவிக்குள் ஓடும் புரோகிராமை எழுதும் ஃபர்ம்வேர் பிரிவே என் பொறுப்பு. அவன் எனக்குக் கீழே.

மருந்து ஏற்றும் பம்ப் ஹேங் ஆனால் உடனே நிறுத்தி மறுபடி தொடங்க வைக்கும் டைமர் உண்டே, அதை எடுக்கச் சொன்னது அவன். வாங்க வந்தவர்கள் முன்னால் பம்ப் அணைந்து அணைந்து எரிவது அசிங்கமாக இருக்கிறதாம். வேண்டாம் என்று சண்டை போட்டது நீ. ஆஸ்பத்திரியில் ஒரு பம்ப் ஹேங் ஆகி நிற்காமல் மருந்தை ஏற்றியபோது, டைமரை எடுத்ததே நீதான் என்று சொல்லி உன்னை வாசலுக்கு அனுப்பினான்.

என் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் எழுதிய புரோகிராமும் வெளியே போகும் முன் எல்லோர் எதிரிலும் மேசைமேல் ஓட வேண்டும். நான் ஏதாவது ஒரு வயரைப் பிடுங்குவேன். போன வாரம் அவன் முறை. பம்பில் தண்ணீர், கீழே கண்ணாடிக் குவளை. அவன் எழுதியதை முன்பே பார்த்துவிட்டேன், அதே டைமரை மறுபடி அணைத்து வைத்திருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் திருத்திக்கொள்வானே.

சென்சார் வயரைப் பிடுங்கினேன். திரை அப்படியே நின்றது, மோட்டார் நிற்கவில்லை. குவளை நிரம்பி, மேசையில் வழிந்து, அவன் பேன்ட்டில் சொட்டியது. "டீம்ல யாரோ மாத்தியிருக்காங்க" என்றான். உன்னோடு வேலை பார்த்த டெஸ்டிங் அண்ணன் எழுந்தார். "அப்பவும் இதையேதான் சொன்னீங்க. அந்தப் பையன் வேண்டாம்னு கத்துனதை நான் கேட்டேன். வேலை போயிடும்னு பயந்து சும்மா இருந்துட்டேன்" என்றார். அதன்பிறகுதான் பளபளா ஒத்துக்கொண்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

உன்மேல் தப்பில்லை என்று கம்பெனி எழுத்தில் கொடுக்கப் போகிறது. அவனை என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். அனுப்பிவிட்டால் வேறு இடத்தில் போய் ஜம்பமாக உட்கார்ந்துகொள்வான். அதனால் வைத்துக்கொள்ளப் போகிறேன். ஒரு வரி எழுத விடமாட்டேன். வாராவாரம் குவளையைக் கழுவி வைத்துவிட்டு ஓரமாக நிற்கட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நம்பர் கேட்டான். தரவில்லை.

உன் மனசு எனக்குத் தெரியும். போனால் போகட்டும், விட்டுவிடு அக்கா என்று பதில் எழுதுவாய். எழுதாதே, கிழித்துப் போட்டுவிடுவேன். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நன்றாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
அக்கா