காரின் சாவிக் கொத்து

செவ்வாய்க்கிழமை, ஐப்பசி 9

இன்றும் கூட்டேரிப்பட்டு அருகே பள்ளத்தில் இறங்கியதும் கார் இஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகியது. திண்டிவனம் மெக்கானிக் ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தான் போய்க்கினு இருக்குதுங்க, காத்து கருப்பா இருக்கும்!" என்று சிரித்தார்.

அவரிடம் தரும்போது அப்பா கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுக்கிறார். நாங்கள் போகும்போது வீட்டுச் சாவி, பீரோ சாவி, மோட்டார் கொட்டகைச் சாவி, பித்தளை வேல் எல்லாம் அதில் தொங்குகின்றன. பள்ளத்தில் அந்தப் பாரம் சாவியை ஆஃப் பக்கம் திருப்பியதை இன்று பார்த்தேன்.

சாப்பிடும்போது பயந்து பயந்து சொன்னேன். "அங்கியே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று அப்பா கொத்தைக் கழற்றினார். நாளை நிறைமாத அக்காவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லிவைத்திருந்த வாடகை வண்டியையும் வேண்டாம் என்றுவிட்டார். நான் சொன்னது தப்பாக இருந்தால்?