மாங்காய் சொல்லித் தேறினேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

லண்டனிலிருந்து அபிநயா. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் எனக்கு முதலில் பேச்சே வரவில்லை. பயப்படாமல் மேலே படியுங்கள். பிடித்த பழத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ‘மேங்கோ’ என்றதும், அந்தச் சொல் பிறந்த கதையை அகராதியில் படித்தது நினைவு வந்தது.

“அது எங்க மாங்காதாங்க! போர்ச்சுகீசியர் கொண்டாந்து உங்களுக்குக் குடுத்தாங்க” என்று பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். தேர்வு நடத்தியவர் திருதிருவென விழித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பயம் போய்விட்டது. பிறகு அதையே ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னேன். அவரும் “மாங்கா” என்று சொல்லிப் பார்த்தார். பாஸாகிவிட்டேன் அப்பா!

கள்ளக்குறிச்சிக்குப் போனால் சீயக்காய்த்தூள் வாங்கி அனுப்புங்கள். தேய்த்துவிட அம்மாவைத்தான் அனுப்ப முடியாது.

பஸ் வந்துவிட்டது. இன்று நர்ஸ் உடுப்பில் எனக்கு முதல் நாள்.

அபிநயா